வால்வு ஆய்வு: மேனுவலில் ஒன்று, களத்தில் ஒன்று. படிவத்தில் எதை எழுதுவது?

#1 மீட்டர்மணி

எல்லோருக்கும் வணக்கம். குஜராத்தில் ஒரு நகர எரிவாயு நிறுவனத்தில் பராமரிப்புப் பிரிவு டெக்னீஷியனாக இந்த வருடம்தான் சேர்ந்தேன். ஒரு சந்தேகம். ஆபீசில் கேட்டால் சிரிப்பார்கள், அதனால் இங்கே கேட்கிறேன்.

எங்கள் மேனுவலில் வால்வு ஆய்வுக்கு இப்படி எழுதியிருக்கிறது: குழியைத் திறக்கும் முன் டிடெக்டரால் வாயு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் நின்றால் இறைக்க வேண்டும். வால்வை முழுவதும் மூடித் திறக்க வேண்டும். எத்தனை சுற்று என்று குறிக்க வேண்டும். கிரீஸ் போட வேண்டும். களத்தில் நடப்பது வேறு. சீனியர் மூடியைத் திறப்பார், சக்கரத்தை இரண்டு சுற்று அசைப்பார், "நகருது" என்பார், அடுத்த குழிக்குப் போய்விடுவோம். முழுதாக மூடினால் அந்தப் பக்கத்து வீடுகளுக்கு சப்ளை நின்றுவிடும் என்கிறார். அது நியாயமாகத்தான் படுகிறது.

ஆனால் படிவத்தில் "முழு இயக்கம்: ஆம் / இல்லை" என்று ஒரு கட்டம் இருக்கிறது. எல்லாத் தாளிலும் "ஆம்". போன வருடத்துத் தாள்களைப் புரட்டினேன், அவற்றிலும் "ஆம்"தான். சுற்று எண்ணிக்கை பெரிய வால்வுக்கும் சின்ன வால்வுக்கும் ஒரே எண்.

அடுத்த வாரத்திலிருந்து நான் கையெழுத்துப் போட வேண்டும். என்ன எழுதுவது?

#2 ரவுண்டானா

தம்பி, எல்லா ஊரிலும் கதை இதுதான். நான் காண்டிராக்ட் சூப்பர்வைசர், குழாய் வேலையிலேயே தலை நரைத்தவன். வால்வு நகர்கிறதா, லீக் இல்லையா, மூடி பத்திரமா? அதைப் பார்த்தால் போதும். தாள் ஆடிட்டருக்கு. மேனுவலை எழுதியவர் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதியிருப்பார். ஒரு நாளைக்கு இத்தனை குழி என்று டார்கெட் கொடுப்பவரும் அதே ஆபீஸ்தான். இரண்டையும் சேர்த்து ஒரு நாளில் செய்யச் சொல்லுங்கள் பார்ப்போம்.

சீனியர் சொல்கிறபடி செய். முதல் வருடத்திலேயே பெயரைக் கெடுத்துக்கொள்ளாதே.

#3 பழையவால்வு

மணி, முதலில் ஒரு கேள்வி. கியர் பெட்டி வைத்த பால் வால்வுதானே (உள்ளே ஒரு பந்து திரும்பி வழியை அடைக்கும் வகை)? நெம்புகோல் வைத்ததாக இருந்தால் கால் திருப்பிலேயே முழுதாக மூடிவிடும், சுற்று எண்ணிக்கைக்கே இடமில்லை. நீங்கள் சக்கரம் என்று சொல்வதால் கியர் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கியர் வால்வில் இரண்டு சுற்று அசைந்தால் கியரின் தளர்வு மட்டும் அசைந்திருக்கலாம். உள்ளே பந்து நகர்ந்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. தலையில் உள்ள காட்டி முள் நகர்ந்ததா என்று பாருங்கள். பல வருடம் தண்ணீரில் நின்ற குழியில் முள்ளே துருப்பிடித்துப் போயிருக்கும், அது வேறு விஷயம்.

மற்றபடி ரவுண்டானா சார் சொல்வதில் பாதி சரி. ஒற்றை வழி சப்ளை உள்ள தெருவில் முழுதாக மூடச் சொல்வது சரியான நடைமுறை இல்லை. இரண்டு பக்கமும் சப்ளை உள்ள லூப் என்றால் மூடலாம். உங்கள் மேனுவல் இரண்டையும் பிரித்துச் சொல்லவில்லை, அது மேனுவலின் குறை. அதனால் சீனியரின் கை தப்புச் செய்யவில்லை, அவருடைய பேனாதான் செய்கிறது.

#4 ஹூஸ்டன்வாசி

நான் அமெரிக்காவில் பைப்லைன் கம்ப்ளையன்ஸ் வேலையில் இருக்கிறேன். மணிக்கு ஒரு தகவல்: இங்கே கூட்டாட்சி விதித்தொகுப்பில் எரிவாயுக் குழாய்களுக்கானது 192ஆம் பகுதி. அதில் 745ஆம் பிரிவு, அவசரத்தில் தேவைப்படக்கூடிய ஒவ்வொரு டிரான்ஸ்மிஷன் (தொலைதூரப் பெருங்குழாய்) வால்வையும் ஆய்வு செய்து "பகுதியளவு இயக்கிப் பார்க்க" வேண்டும் என்றுதான் சொல்கிறது. முழுதாக மூடச் சொல்லவில்லை. ஆக உங்கள் சீனியர் செய்வது, முள் நிஜமாகவே நகர்ந்தால், இங்கே சட்டப்படி போதும்.

ஆனால் இதே அமெரிக்காவில் அவர் மாட்டிக்கொள்வார். ஏன் என்றால் 605ஆம் பிரிவு: ஒவ்வொரு நிறுவனமும் இயக்கம், பராமரிப்பு, அவசரநிலை ஆகியவற்றுக்கு எழுத்தில் ஒரு மேனுவல் வைத்திருக்க வேண்டும், அதைப் பின்பற்றவும் வேண்டும். சட்டம் கேட்பதைவிடக் கடுமையாக நீங்களே எழுதிக்கொண்டால், நீங்கள் எழுதியதுதான் அளவுகோல். ஆய்வாளர் வரும்போது சட்டப் புத்தகத்தை அப்புறம்தான் எடுப்பார். முதலில் உங்கள் மேனுவலைக் கேட்பார், அடுத்து உங்கள் தாளைக் கேட்பார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். இங்கே எழுதப்படும் நோட்டீஸ்களில் "உன் சொந்த நடைமுறையை நீயே பின்பற்றவில்லை" என்பது அலுப்புத் தட்டும் அளவுக்கு வரும்.

#5 மீட்டர்மணி

நன்றி சார். பழையவால்வு அண்ணா, ஆமாம், கியர்தான். முள்ளை நான் கவனிக்கவில்லை, இனி பார்க்கிறேன்.

ஹூஸ்டன்வாசி சார், "15 மாதத்துக்கு மிகாமல், ஆனால் வருடத்துக்கு ஒரு முறையாவது" என்று எங்கள் மேனுவலிலும் ஒரு வரி இருக்கிறது. அங்கிருந்துதான் எடுத்திருப்பார்கள் போல. அது என்ன கணக்கு? வருடம் என்றால் 12 மாதம்தானே?

#6 ஹூஸ்டன்வாசி

இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே பொருந்தும். 2024 ஜனவரி 10 அன்று ஆய்வு செய்தால் அடுத்தது 2025க்குள் வர வேண்டும், அதோடு 2025 ஏப்ரல் 10ஐத் தாண்டக் கூடாது. "2025 டிசம்பரில் செய்தேன், அதுவும் 2025தானே" என்று தப்ப முடியாது. 2024 டிசம்பர் 20 அன்று செய்திருந்தால் 15 மாதம் 2026 மார்ச்சில் முடியும், ஆனால் 2025 காலண்டர் வருடத்துக்கு ஒரு பதிவு வேண்டும், ஆகவே 2025 டிசம்பர் 31தான் கடைசி. மழை, ஆள் பற்றாக்குறை போன்றவற்றுக்குக் கொடுத்த மூன்று மாத மூச்சு அது. அதையே வழக்கமான இடைவெளியாக வைத்துக்கொள்பவர்கள் ஒரு நாள் தவறுவார்கள்.

இதனால்தான் தேதி முக்கியம். மாதம் மட்டும் எழுதிய தாளை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

#7 ரவுண்டானா

அமெரிக்காவைப் பற்றி நிறையப் படித்தாயிற்று. நேராகக் கேட்கிறேன். தாளில் தப்பாக டிக் போட்டதால் யாராவது செத்திருக்கிறார்களா? துருவால் செத்திருக்கிறார்கள். ஜேசிபி குத்திச் செத்திருக்கிறார்கள். பேனாவால்?

#8 சிவப்புப்பேனா

ரவுண்டானா சார், நான் ஆடிட் பக்கம் இருப்பவள், அதனால் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் சான் புரூனோவைச் சொல்கிறேன்.

2010 செப்டம்பர் 9, மாலை 6:11. சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே சான் புரூனோ என்ற ஊரில், வீடுகளுக்கு நடுவே பி.ஜி.அண்டு.இ. என்ற எரிவாயு நிறுவனத்தின் 132ஆம் எண் குழாய் வெடித்தது. 30 அங்குலக் குழாய். 8 பேர் இறந்தார்கள், 38 வீடுகள் அழிந்தன. 28 அடி நீளமுள்ள குழாய்த் துண்டு சுமார் 100 அடி தள்ளிப் போய் விழுந்தது. வாயுவை நிறுத்த 95 நிமிடம் ஆயிற்று, ஏனென்றால் அந்த இடத்தில் தானாகவோ தொலைவிலிருந்தோ மூடும் வால்வு கிடையாது. ஆட்கள் வண்டியில் போய்க் கையால் மூடினார்கள்.

இனி தாளுக்கு வருவோம். நிறுவனத்தின் கணினிப் பதிவில் அந்த இடத்துக் குழாய் "30 அங்குலம், சீம்லெஸ், எக்ஸ்-42" என்று இருந்தது (சீம்லெஸ் என்றால் நெடுக்கு வெல்டு இல்லாத குழாய், எக்ஸ்-42 என்பது எஃகின் தரம்). விபத்துக்குப் பிறகு தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையாளர்கள் அந்தத் துண்டைப் பார்த்தால், நெடுக்கில் வெல்டு! அதுவும் ஒழுங்கான ஆலைக் குழாய் இல்லை. நாலு அடிக்கும் குறைவான ஆறு குட்டித் துண்டுகளைச் சேர்த்து வெல்டு செய்திருந்தது, சிலவற்றில் நெடுக்கு வெல்டின் உள்பக்கம் போடப்படவே இல்லை. 1956இல் குழாயை இடம் மாற்றியபோது வைத்தது. இன்னொன்று: 30 அங்குலத்தில் சீம்லெஸ் குழாய் அந்தக் காலத்தில் கிடைக்கவே கிடைக்காது. பதிவில் அந்தச் சொல்லைப் பார்க்கும் குழாய் தெரிந்த எவரும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். பல வருடம் யாரும் நிமிரவில்லை.

#9 ரவுண்டானா

அம்மா, மரியாதையோடு சொல்கிறேன். அவர்களைக் கொன்றது 1956இல் ஒழுங்காக வெல்டு போடாத ஆள். தாளில் "வெல்டு போட்டது" என்று சரியாக எழுதியிருந்தாலும் குழாய் அதே குழாய்தானே?

#10 சிவப்புப்பேனா

நல்ல கேள்வி, இதைத்தான் எதிர்பார்த்தேன்.

குழாய் அதேதான். ஆனால் அதை எப்படிச் சோதிப்பது என்று தீர்மானித்தது தாள். சீம்லெஸ் என்றால் தையலே இல்லை, தையல் பிளக்கும் அபாயமும் இல்லை என்று பொருள். அதனால் வெளித் துருவைத் தேடும் சோதனை முறையை மட்டும் அந்தக் குழாய்க்குத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த முறை பூச்சு எங்கே உரிந்திருக்கிறது என்று சொல்லும், வெல்டு எப்படி இருக்கிறது என்று சொல்லாது. தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றும் ஹைட்ரோ டெஸ்ட் செய்திருந்தால் இப்படிப்பட்ட வெல்டு காலியான குழியில் தண்ணீரோடு பிளந்திருக்கும். கலிபோர்னியா 1961இல் புதுக் குழாய்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது, கூட்டாட்சி விதி 1970இல் வந்தது. பழைய குழாய்களை இரண்டுமே விட்டுவிட்டன. 1970க்கு முந்திய ஐந்து வருடத்தில் எந்த அழுத்தத்தில் ஓடியதோ அதையே உச்சமாக வைத்துக்கொள் என்று சலுகை. 132க்கு அப்படிக் கிடைத்த எண் 400 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு). வெடித்தபோது 386 இருந்தது. அனுமதித்த அளவுக்குள்தான்!

இதில் என் மனதைக் குடைவது வேறு. அதே 192ஆம் பகுதியில், குழாயின் எஃகு வலிமை தெரியாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பிரிவு இருக்கிறது. சோதித்துப் பார்க்காத வரை 24,000 பி.எஸ்.ஐ. என்று வைத்துக் கணக்குப் போடு என்கிறது. எக்ஸ்-42 என்றால் 42,000. அதாவது "தெரியாது" என்று நேர்மையாக எழுதினால் சட்டம் உங்களைக் குறைந்த அழுத்தத்துக்குத் தள்ளும், தோண்டிப் பார்க்க வைக்கும். யாரோ ஒருவர் தெரிந்த மாதிரி எழுதிவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. வெற்றுக் கட்டம் இருந்திருந்தால் அதைப் பார்த்த அடுத்த ஆள் கேள்வி கேட்டிருப்பார்.

மணியின் "ஆம்" அந்த ரகம். வால்வு சிக்கியிருக்கலாம் என்ற கேள்வியையே அது எடுத்துவிடுகிறது.

#11 ஹூஸ்டன்வாசி

பின்கதையும் சொல்லிவிடுகிறேன். 2011 ஜனவரியில் வாரியம் அவசரப் பரிந்துரை விட்டது: குழாயின் உச்ச அழுத்தத்தை, மூலத்துக்குத் தடம் பிடிக்கக்கூடிய, சரிபார்க்கக்கூடிய, முழுமையான பதிவுகளை வைத்து நிரூபி என்று. அவ்வளவுதான், நிறுவனம் பழைய காகிதங்களைப் பெட்டி பெட்டியாக லாரிகளில் ஏற்றி, பக்கத்து டேலி சிட்டியில் உள்ள கவ் பேலஸ் அரங்கில் கொட்டித் தேட ஆரம்பித்தது. மாட்டுச் சந்தையும் கச்சேரியும் நடக்கும் இடம் அது. பல வருடம் தேடாத தாளை அங்கே இராப்பகலாகத் தேடினார்கள்.

2015இல் கலிபோர்னியா மாநில ஒழுங்குமுறை ஆணையம் 160 கோடி டாலர் தண்டம் விதித்தது. 2016இல் கூட்டாட்சி நீதிமன்ற ஜூரி ஆறு குற்றங்களில் தண்டித்தது. ஐந்து, குழாய்ப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியதற்கு. ஒன்று, விசாரணைக்கு முட்டுக்கட்டை போட்டதற்கு. அந்த ஐந்தில் விஷயம் பெரும்பாலும் தகவல் சேகரிக்காதது, பதிவு வைக்காதது, ஆபத்தை அடையாளம் காணாதது. வெல்டு போட்ட ஆள் கூண்டில் நிற்கவில்லை.

#12 பழையவால்வு

சான் புரூனோவில் இன்னொரு தாளும் உண்டு, அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதே நாள் மதியம், குழாயின் தெற்கு முனையில் மில்பிடாஸ் டெர்மினலில் யூபிஎஸ் மாற்றும் வேலை நடந்தது. மின்சார வேலை, குழாயைத் தொடவில்லை. ஆனால் வயரை அங்கே இங்கே மாற்றும்போது கருவிகளுக்குப் போகும் 24 வோல்ட் சப்ளை தடுமாறியது. பிரஷர் டிரான்ஸ்மிட்டர்கள் "அழுத்தம் குறைவு" என்று பொய் சொன்னன. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வால்வுகள் அதை நம்பி முழுக்கத் திறந்துகொண்டன. பாதுகாப்புக்கு இருந்த மானிட்டர் வால்வுகள் 386இல் பிடித்து நிறுத்தின, ஆனால் அந்தக் குழாய் அதற்கே தாங்கவில்லை.

அந்த வேலைக்கு ஒரு பணி அனுமதிப் படிவம் இருந்தது. அதில் என்ன வரிசையில் செய்யப் போகிறோம் என்பது இல்லை. கோளாறு வந்தால் எப்படிப் பின்வாங்குவது என்பதும் இல்லை. படிவம் நிரப்பப்பட்டது, ஆனால் அதில் யோசனை இல்லை.

மின்சார ஆள் வந்து "பத்து நிமிட வேலை" என்று சொல்லும்போது எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்கும். கண்ட்ரோல் பேனலைத் தொடுகிறவர் குழாயைத் தொடுகிறார் என்றுதான் நான் பெர்மிட் எழுதுவேன்.

#13 மைனஸ்850

துருத் தடுப்பு ஆட்கள் சார்பில் நானும் இரண்டு வார்த்தை. எங்களிடம் உள்ள தாள்தான் உலகத்திலேயே அதிகம் புனையப்பட்ட தாள் என்று நினைக்கிறேன்.

துருப்பிடிக்காமல் இருக்கக் குழாய்க்கு மின்சாரம் கொடுக்கும் டி.ஆர். (டிரான்ஸ்பார்மர் ரெக்டிஃபயர்) யூனிட்டை அமெரிக்க விதிப்படி வருடத்துக்கு ஆறு முறை, இரண்டரை மாதத்துக்கு மிகாத இடைவெளியில் பார்க்க வேண்டும். டெஸ்ட் ஸ்டேஷன்களில் குழாய்க்கும் மண்ணுக்கும் உள்ள மின்னழுத்தத்தை, செம்பு-செம்பு சல்பேட் மின்முனையை வைத்து எடுப்போம். மைனஸ் 850 மில்லிவோல்ட்டோ அதைவிட எதிர்மறையாகவோ இருக்க வேண்டும் (என் பெயரின் ரகசியம் இதுதான்).

பொய்த் தாளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பசங்கள் கேட்பார்கள். கையெழுத்தைப் பார்க்கவே வேண்டாம். கோடையில் மண் காய்ந்தால் ஆனோடு படுகையின் (அந்த மின்சாரத்தை மண்ணுக்குள் விடும் புதைத்த மின்முனைகள்) மின்தடை ஏறும், அதே வோல்டேஜில் கரண்ட் இறங்கும். மழை பெய்தால் திரும்ப ஏறும். வருடம் முழுக்க வோல்டேஜும் அதே, கரண்டும் அதே என்றால் அந்த ஊரில் மழையே பெய்யவில்லை, வெயிலும் அடிக்கவில்லை. ஆட்டோ மோடில் வைத்திருந்தால் மின்னழுத்தம் நிலையாக இருக்கும், சரி, ஆனால் அப்போது வெளியீட்டு வோல்டேஜ் ஆட வேண்டும். ஏதாவது ஒன்று ஆடியே தீரும். எல்லா டெஸ்ட் ஸ்டேஷனிலும் மைனஸ் 1.10 வோல்ட் என்று எழுதியவர் அலுவலகத்தை விட்டு வெளியே போகவில்லை. போனவர் எழுதினால் 1.08, 1.13, 0.97, அப்புறம் "மூடி உடைந்து கிடக்கிறது, வயர் திருட்டு" என்று இருக்கும். அந்த மாதிரி அசிங்கமான தாளைப் பார்த்தால் எனக்கு நிம்மதி.

மணியின் வால்வு சுற்று எண்ணிக்கையும் இதே வியாதி.

#14 கோதாவரிக்கரை

எல்லோரும் கலிபோர்னியாவிலேயே நிற்கிறீர்கள். நம் நாட்டில் 2014 ஜூன் 27 அதிகாலை, ஆந்திராவில் நகரம் என்ற கிராமத்தில் அரசு எரிவாயு நிறுவனமான கெயிலின் 18 அங்குலக் குழாய் வெடித்ததை மறந்துவிட்டோமா? 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தென்னந்தோப்புகள் கருகி நின்றதை நான் பார்த்தேன். அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் என் மாமனார் வீடு.

விசாரணையில் வந்தது: உலர்ந்த வாயுவுக்கென்று போட்ட குழாயில் ஈர வாயுவை ஓட்டினார்கள். தண்ணீரும் கண்டென்சேட்டும் (வாயுவிலிருந்து படியும் எண்ணெய்த் திரவம்) உள்ளே தேங்கின, குழாய் உள்ளிருந்து அரித்தது. ஈரத்தை நீக்க வைத்திருக்க வேண்டிய யூனிட்டை வைக்கவில்லை. இது டிக் போட்டதால் வந்த விபத்தில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாயு இப்படி இருக்கும் என்று வடிவமைப்புத் தாள் சொல்கிறது, நிஜத்தில் வருவது வேறு. அந்த வித்தியாசம் தெரிந்தும் வேலை அதே போக்கில் நடந்தது.

#15 ரவுண்டானா

நகரம் எனக்கும் நினைவிருக்கிறது. அந்த வாரம் எங்கள் சைட்டில் எல்லோரும் பேச்சில்லாமல் வேலை பார்த்தார்கள்.

சரி, பாதி இறங்கி வருகிறேன். பொய் எழுதக் கூடாது. ஆனால் புத்தகப்படி மட்டும் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதையும் நான் ஏற்க மாட்டேன். புத்தகம் தப்பாக இருந்தால் புத்தகப்படி செய்தவனும்தான் சாவான்.

#16 ஹூஸ்டன்வாசி

அதற்கு உதாரணமே இருக்கிறது, உங்கள் பக்கம் சாய்கிற உதாரணம். 2018 செப்டம்பர் 13, மாசசூசெட்ஸில் மெரிமாக் பள்ளத்தாக்கு. லாரன்ஸ், ஆண்டோவர், வடக்கு ஆண்டோவர் ஆகிய மூன்று ஊர்கள். கொலம்பியா கேஸ் நிறுவனம் பழைய வார்ப்பிரும்புக் குழாயைக் கைவிட்டு பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றிக்கொண்டிருந்தது. ஆட்கள் கொடுத்த வேலைத் தாளில் இருந்த படிகளைத்தான் செய்தார்கள். தாளில் இல்லாதது: ரெகுலேட்டருக்கு அழுத்தம் சொல்லும் மெல்லிய சென்சிங் குழாய்கள் இன்னும் அந்தப் பழைய குழாயில்தான் மாட்டியிருந்தன. பழைய குழாயை அடைத்ததும் அதில் அழுத்தம் இறங்கியது. ரெகுலேட்டர் "ஐயோ, அழுத்தம் போதவில்லை" என்று வாயுவை மேலும் மேலும் திறந்துவிட்டது. அரை பி.எஸ்.ஐ. ஓட வேண்டிய தெருக்களில் அழுத்தம் எகிறியது. வீடுகளில் அடுப்புச் சுடர்கள் உயர்ந்தன, தீ பிடித்தது, வெடித்தது. ஒரு இளைஞர் இறந்தார், 131 கட்டடங்கள் சேதம். தொலைவில் ஒஹையோவில் இருந்த கண்ட்ரோல் ரூமில் அலாரம் அடித்தது, ஆனால் அங்கிருந்து எதையும் மூட வசதி இல்லை.

சென்சிங் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்ற பதிவு வேலைத் தாளைத் தயாரித்தவரின் மேசைக்கு வரவில்லை. அந்தத் தாளில் உரிமம் பெற்ற பொறியாளர் கையெழுத்தும் கிடையாது, அப்போது அங்கே அது கட்டாயமில்லை. பிறகு மாநிலம் கட்டாயமாக்கியது.

அதனால்தான் 605ஆம் பிரிவில் இரண்டு விஷயங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மேனுவலைக் காலண்டர் வருடத்துக்கு ஒரு முறையாவது, 15 மாதத்துக்கு மிகாமல், மறுபார்வை செய். ஆட்கள் செய்த வேலையை அவ்வப்போது போய்ப் பார்த்து நடைமுறை பொருந்துகிறதா என்று சோதி, குறை இருந்தால் நடைமுறையைத் திருத்து. ரவுண்டானா சார், இந்த இரண்டாவது வேலைக்கு உங்களைப் போன்றவர்கள்தான் தேவை. "ஏசி அறைக்காரர்" என்று திட்டிவிட்டு நீங்கள் அமைதியாக வேறு மாதிரி செய்தால், அவருக்குத் தன் மேனுவல் தப்பு என்று எப்போதுமே தெரியாது. எல்லாத் தாளும் "ஆம்" என்று வருகிறதே.

#17 ரவுண்டானா

அடி பலமாகத்தான் விழுந்தது. இருந்தாலும் டார்கெட்டைக் கொடுப்பவருக்கும் இதைச் சொல்லுங்கள்.

#18 சிவப்புப்பேனா

சொல்கிறேன். அதுவும் அதே பி.ஜி.அண்டு.இ.யில் நடந்ததுதான். வெளியார் தோண்டும் முன் குழாய் எங்கே போகிறது என்று போய்க் குறியிட்டுக் கொடுக்க வேண்டும், அதற்குக் கெடு உண்டு. "தாமதம் பூஜ்யம்" என்று மேலிருந்து அழுத்தம். ஆட்கள் போதவில்லை. 2012 முதல் 2017 வரை, தாமதமான டிக்கெட்டுகள் (குறியிடக் கேட்டு வந்த கோரிக்கைகள்) தாமதமே இல்லாதது போல் பதிவானதாக மாநில ஆணையம் 2018 டிசம்பரில் விசாரணையைத் தொடங்கியது. கவனியுங்கள், சான் புரூனோவுக்கு அப்புறம்! வழக்கு நடந்துகொண்டிருந்த அதே வருடங்களில்.

ஆகவே டார்கெட் பற்றிய உங்கள் கோபம் நியாயம். பூஜ்யம் கேட்டால் பூஜ்யம் கிடைக்கும், தாளில். நான் ஆடிட் போகும் இடத்தில் எல்லாமே பச்சையாக இருந்தால் முதலில் ஆள் எண்ணிக்கையைக் கேட்பேன்.

#19 மாடரேட்டர்

இழை நீளமாகப் போகிறது. நல்ல விவாதம், தொடருங்கள். ஆனால் மணி கேட்ட கேள்விக்கு யாராவது நேரடியாகப் பதில் சொல்லுங்களேன்.

#20 பழையவால்வு

சொல்கிறேன். மணி, "இல்லை" என்பதில் டிக் போடுங்கள். குறிப்பு என்ற இடத்தில் "பகுதி இயக்கம், 3 சுற்று, காட்டி முள் நகர்ந்தது, முழுதாக மூடினால் சப்ளை பாதிக்கும்" என்று எழுதுங்கள். சுற்று எண்ணிக்கை நீங்கள் எண்ணியதாக இருக்கட்டும். முள் நகராவிட்டால் நகரவில்லை என்று எழுதுங்கள். தேதி, நேரம், கையெழுத்து. தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் இனிஷியல். வெள்ளை மை பூசாதீர்கள், பூசிய தாளை யாரும் நம்ப மாட்டார்கள்.

பழைய தாள்களைத் தொடாதீர்கள். யார் சொன்னாலும் போன வருடத்துத் தாளில் உங்கள் கை படக் கூடாது.

தாளை ஒப்படைக்கும் முன் சீனியரிடம் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் மேலே போனால் அவரைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும், அப்புறம் அங்கே வேலை பார்ப்பது கஷ்டம். "அண்ணா, ஒற்றை வழித் தெருவில் மூட முடியாது என்று நீங்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்" என்றால் அவருக்கும் மரியாதை.

#21 ஹூஸ்டன்வாசி

கூடவே: தாளை எத்தனை வருடம் வைப்பது என்பதையும் உங்கள் மேனுவலில் பாருங்கள். இங்கே டிரான்ஸ்மிஷன் குழாயில், குழாயையே பழுதுபார்த்த பதிவு அந்தக் குழாய் பயன்பாட்டில் இருக்கும் வரை இருக்க வேண்டும். ரோந்து, ஆய்வு, சோதனைப் பதிவுகள் 5 வருடம், அல்லது அடுத்த ஆய்வு முடியும் வரை, எது அதிகமோ அது. இந்தியாவில் நகர விநியோகத்துக்கு பி.என்.ஜி.ஆர்.பி.யின் (பெட்ரோலிய, இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம்) 2008ஆம் ஆண்டு தொழில்நுட்ப, பாதுகாப்புத் தர விதிமுறைகள் உண்டு, உங்கள் மேனுவல் அதைத் தழுவித்தான் இருக்க வேண்டும். முழுக்க மூடுவது அங்கிருந்து வந்ததா, உங்கள் நிறுவனம் தானாகச் சேர்த்ததா என்று பாருங்கள். தானாகச் சேர்த்தது என்றால் திருத்துவது சுலபம்.

#22 மீட்டர்மணி

எல்லோருக்கும் நன்றி. அப்டேட் சொல்கிறேன்.

சீனியரிடம் முதலில் பேசினேன். "எழுது, எனக்கென்ன" என்றார், முகம் சரியில்லை. ஆனால் முள்ளைப் பார்க்கச் சொன்னதும் அவரே ஒயர் பிரஷ் எடுத்துவந்து ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தார். பெரும்பாலானவை நகர்ந்தன. ஒரு முக்கில் உள்ள வால்வில் சக்கரம் சுற்றுகிறது, முள் அசையவில்லை. இன்னும் சுற்றியும் அசையவில்லை. அந்த வால்வுக்குப் போன வருடம் "முழு இயக்கம்: ஆம்".

பகுதி இயக்கம் என்று எழுதியே கொடுத்தேன். என்ஜினீயர் கூப்பிட்டு, ஏன் இத்தனை "இல்லை" என்று கேட்டார், விளக்கினேன். கோபப்படவில்லை, மகிழ்ச்சியும் இல்லை. படிவத்தில் "பகுதி" என்று ஒரு கட்டம் சேர்ப்பது அடுத்த மறுபார்வையில் பார்க்கலாம் என்றார். அதுவரை குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். சிக்கிய வால்வின் கியர் பெட்டியைக் கழற்றி மாற்ற ஆர்டர் போட்டாயிற்று. பொருள் வர நாளாகும் என்கிறார்கள்.

#23 ஹூஸ்டன்வாசி

அதுவரை அந்தப் பகுதியை எதை வைத்து மூடுவீர்கள்? இங்கே விதி என்னவென்றால், இயங்காத வால்வை உடனே சரிசெய்ய வேண்டும், அல்லது மாற்று வால்வு ஒன்றைக் குறித்து வைக்க வேண்டும்.

#24 மீட்டர்மணி

முன்னால் உள்ள வால்வை மாற்றாகக் குறித்திருக்கிறார்கள் சார். அதை மூடினால் கூடுதலாக இரண்டு தெரு நிற்கும், பரவாயில்லை என்று முடிவு. அந்த மாற்று வால்வை நானும் சீனியரும் போய் அசைத்துப் பார்த்துவிட்டோம், முள் நகர்கிறது.

#25 ரவுண்டானா

தம்பி, நல்லது. இன்னும் ஒன்று. அவசரத்தில் பார்ப்பது உன் படிவத்தை இல்லை, கண்ட்ரோல் ரூமிலும் எமர்ஜென்சி வண்டியிலும் உள்ள வால்வு வரைபடத்தை. மாற்று வால்வு எண் அந்த இரண்டிலும் ஏறியதா? வண்டியில் இருப்பது அநேகமாகப் பழைய பிரிண்டாகத்தான் இருக்கும், லேமினேட் செய்திருப்பார்கள், யாரும் மாற்ற மாட்டார்கள். நாளைக்குப் போனதும் அதைப் பார். மார்க்கர் பேனாவில் எழுதினாலும் போதும், தேதியோடு.